செங்கல்வராயன் செய்த நீலப் பெட்டி

செங்கல்வராயன் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்தவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூடத் தேவலை, நாலு பேர் நாலு வார்த்தை திட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். பாசத்தில் செய்த காரியத்துக்கு யாரைப் போய்த் திட்டுவது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற மில் ஒன்றில் அவர் எலக்ட்ரீஷியன். மீசை அரும்பின வயசில் ஹெல்பராக உள்ளே போனவர், மீசை நரைத்த பிறகும் அதே மில்தான், அதே உலைதான். மோட்டார் நின்றாலும் சரி, கிரேன் பாதியில் தொங்கினாலும் சரி, "கூப்புடு செங்கல்வராயனை" என்பார்கள்.

சூட்டோடு மல்லுக்கட்டுவதுதான் அவர் பிழைப்பு. உலைக்குப் பக்கத்தில் பீரோ பீரோவாக மின்சாரப் பேனல்கள் நிற்கும், கை வைக்க முடியாமல் கொதிக்கும். செய்து அனுப்புகிறவன் கதவு, ரப்பர், பூட்டு எல்லாம் ஒழுங்காகத்தான் வைத்து அனுப்புவான். செங்கல்வராயன் முதல் வேலையாகக் கதவைக் கழற்றிக் கடாசிவிட்டு, எதிரே ஒரு பெரிய ஃபேனை நிறுத்திவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மில் ஓயும்போது காற்றுக் குழாயைப் பிடித்து, உள்ளே அப்பியிருக்கிற கரியையும் இரும்புப் பொடியையும் ஊதித் தள்ளுவார். அந்த வட்டாரத்து மில்களில் இதுதான் வழக்கம். "மெஷினும் மனுசன் மாதிரிதான்டா. காத்து இல்லாம அடைச்சி வெச்சா செத்துப்பூடும்" என்று ஹெல்பர்களுக்குப் பாடம் நடத்துவார்.

அவருக்கு ஒரே மகன், மதிவாணன். மனுஷனுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பிடிவாதம், இவன் மில்லுக்குள் கால் வைக்கக் கூடாது என்பதுதான். சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போனால்கூட, பட்டினி கிடப்பாரே தவிர மகன் கையில் கொடுத்தனுப்பச் சொல்ல மாட்டார். "அந்த கேட்டாண்ட அவன் வரக் கூடாது, பச்சையம்மா. நான் வெந்தது போதும்" என்று பெண்டாட்டியிடம் கறாராகச் சொல்லி வைத்திருந்தார். முழங்கை வரைக்கும் தீச்சுட்ட தழும்பு இருக்கிற மனுஷன் சொன்னால் அதற்கு மேல் என்ன பேச்சு?

மதிவாணன் பொன்னேரியில் டிகிரி முடித்தான். முடித்துவிட்டு வேலைக்கு ஓடாமல் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான் என்றுதான் தெருவில் பேச்சு. பேசுகிற வாய்க்கு என்ன தெரியும்! அவன் ஆடவில்லை, ஆடுகிற விளையாட்டைச் செய்துகொண்டிருந்தான். சென்னையில் ஒரு கம்பெனி, சொந்தமாக ஒரு கேம் செய்து டெமோ கொண்டுவா, பிடித்திருந்தால் வேலை என்று சொல்லியிருந்தது. சிங்கப்பூரில் இருந்த தாய்மாமன் முனுசாமி, தான் ஆடிச் சலித்த கேமிங் கம்ப்யூட்டரை மருமகனுக்கென்று தூக்கிக்கொண்டு வந்து கொடுத்திருந்தார். கடையில் வாங்கும்போதே பெட்டியோடு பூட்டி வருகிற ரகம். பளபளவென்று கருப்பு, முகத்தில் நீல விளக்கு. பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். காற்று போக மட்டும் ஒரு விரல் சந்து.

அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு குறைவுதான். சாப்டியா, சாப்டேன், அவ்வளவே. ஆனால் ஒருநாள் மதிவாணனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நைனா, நீ சோழவரத்துல கார் ரேசு பாத்துக்கிறியா?"

"பாத்துக்கிறேனாவா? சைக்கிள்ல போயி, மரத்து மேல ஏறிக்கினு பாத்தவன்டா நானு!"

சோழவரத்து ரேஸ் ரோட்டைத்தான் அவன் கம்ப்யூட்டருக்குள் போட்டுக்கொண்டிருந்தான். ரேஸ் நின்றுபோய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ரோடு எப்படி வளையும், ஏரி எந்தப் பக்கம், ஜனங்கள் எங்கே நிற்பார்கள் என்று சொல்ல ஆள் வேண்டும். செங்கல்வராயன் சொன்னார், சொன்னார், சொல்லி மாளவில்லை. ஒரு வண்டி திரும்ப முடியாமல் முள்ளுக்குள் போனதைக் கையையும் காலையும் வைத்து நடித்தே காட்டினார். பச்சையம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஊட்டுக்கு யாரோ விருந்தாளி வந்துட்டாங்கன்னு பாத்தேன்" என்றாள். அதற்கப்புறம் தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும், குளிக்கக்கூட மாட்டார், நேரே மகன் ரூமுக்குத்தான். அவர் மரத்து மேலிருந்து பார்த்த ரோடு அந்தத் திரையில் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போனது.

எல்லாம் கூடி வருகிற நேரத்தில் வெயில் வந்து சேர்ந்தது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்துக் கோடை. வெறும் ரோடு இருந்தவரைக்கும் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடியது. கார்களை இறக்கிவிட்டு ஓடச் சொன்னதும் அதற்கு மூச்சு முட்டியது. கொஞ்ச நேரம் கர்ர்ரென்று இரையும், பிறகு பொசுக்கென்று அணைந்துவிடும். அணைந்தால் அதுவரை செய்த வேலை போச்சு. மறுபடி சூடு ஆறும்வரை காத்திரு, மறுபடி முதலிலிருந்து செய். கம்பெனியோ, ஆடி மாசத்துக்குள் டெமோ வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டது.

இந்த அழகில் மதிவாணன் ரூம் ஜன்னலை வேறு சாத்தி, அதன் மேல் ஈரக் கோணியைத் தொங்கவிட்டிருந்தான். ஜன்னல் பார்த்திருப்பது சிப்காட் பக்கம். அந்தத் தெருவில் வெள்ளைத் துணி காயப் போட்டால் சாயங்காலம் மிளகு தூவின மாதிரி எடுக்க வேண்டும். செங்கல்வராயனுக்கு அந்தக் கோணியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"ஜன்னலைத் தொறடா. வெந்து சாவுது பாரு அது."

"தொறந்தா தூசி வரும் நைனா."

"தூசியாம் தூசி! தூசிலதான்டா உன்னை வளத்தேன்."

ஒருநாள் சாயங்காலம் செங்கல்வராயன் உள்ளே போனபோது கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. மதிவாணன் அந்தக் கொதிக்கிற பெட்டி மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தான். தாடி முளைத்த பிள்ளை அழுவதைப் பெற்றவன் பார்க்கவே கூடாது. சத்தம் போடாமல் திரும்பி வந்து வாசலில் நின்றார். இந்த டெமோ போய்ச் சேர்ந்தால் பையன் சென்னைக்கு. சேராவிட்டால் தெருக்கோடியில் மில் சங்கு ஊதிக்கொண்டே இருக்கிறது, ஊதினால் எல்லோர் வீட்டுப் பிள்ளையும் போல இவனும் போக வேண்டியதுதான். "நம்மகிட்ட இல்லாத வித்தையா? சூட்டை அடக்கறதுக்கு நமக்கே ஒருத்தன் சொல்லித் தரணுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் மதிவாணன், கூடப் படித்தவன் ஒருத்தன் கல்யாணத்துக்கு ஆரம்பாக்கம் போனான். போனவன் அப்படியே சென்னைக்கும் போய் அந்தக் கம்பெனி ஆளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தான். அவன் பஸ் ஏறினதும் செங்கல்வராயன் லீவு போட்டார். அவர் லீவு போட்டதைக் கேட்டு மில்லில் எல்லோரும், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தார்களாம்.

பஜாரில் மொய்னுதீன் தகரப் பட்டறை வைத்திருந்தார். பழவேற்காட்டுக்காரர், செங்கல்வராயனுக்கு ரொம்ப நாள் சிநேகிதம். பேனல் பெட்டி, பீரோ, டிரங்குப் பெட்டி எது வேண்டுமானாலும் மடித்துக் கொடுப்பார். செங்கல்வராயன் சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினதைப் பார்த்துவிட்டு மோவாயைச் சொறிந்தார்.

"இன்னாப்பா இது, புறாக் கூண்டா?"

"கம்ப்யூட்டருக்கு ஊடு கட்றேன் பாய்."

"ஊடுன்ற, செவுரே இல்லியேப்பா. சுத்தியும் ஓட்டையா வெச்சிக்கிறே."

"அதான் வேணும். நீ அடிச்சிக் குடு."

மொய்னுதீன் அடித்துக் கொடுத்தார். நாலு பக்கமும் சல்லடைத் தகடு, நடுவில் கம்ப்யூட்டரின் மதர்போர்டு வைக்கச் சட்டம், மூலைகளெல்லாம் கை கிழிக்காமல் ராவியது. மிச்சமிருந்த நீலப் பெயின்டை அடித்து வெயிலில் காயவைத்தார். மில் பேனலுக்கு மாட்டுகிற நல்ல கனமான ஃபேன் இரண்டைச் செங்கல்வராயன் கொண்டுவந்து பொருத்தினார். ஓடவிட்டால் பட்டறையில் இருந்த பேப்பரெல்லாம் பறந்தது. "இதுக்கு முன்னாடி உக்காந்தா எனக்கே சளி புடிச்சிக்கும்யா" என்று மொய்னுதீன் சிரித்தார்.

வீட்டில் பாயை விரித்து, அதன் மேல் பச்சையம்மாவின் துவைத்த புடவையை விரித்து, பழைய பெட்டியைத் திறந்தார் செங்கல்வராயன். உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று நெருக்கி அடைத்து, சினிமாக் கொட்டகைக் கூட்டம் மாதிரி இருந்தது. "பாவி, இதுலயாடா எம்புள்ள வேல செஞ்சான்" என்று வாய்விட்டுச் சொன்னார். எந்த ஒயர் எங்கிருந்து வருகிறதோ அதற்கு மில்லில் செய்கிற மாதிரியே நம்பர் வளையம் மாட்டினார். கழற்றின திருகாணிகளைத் தனித்தனி டம்ளரில் போட்டார். பச்சத் தண்ணி பல்லில் படாமல் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நீலப் பெட்டிக்கு மாற்றினார். உலையில் வேகிற கைக்கு அவ்வளவு பதவிசு இருக்கும் என்று பச்சையம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். கடைசியில் அவள் பெட்டி மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். ஸ்விட்சைப் போட்டார். ஒரே தடவையில் எழுந்துகொண்டது.

அப்புறம் அந்தக் கோணியை இழுத்துப் போட்டார். ஜன்னலை விரியத் திறந்து, ஃபேன் இரண்டும் காற்றைப் பார்க்கிற மாதிரி பெட்டியைத் திருப்பி வைத்தார்.

மதிவாணன் வந்து பார்த்தபோது முகம் செத்துவிட்டது. "இன்னா நைனா பண்ணி வெச்சிக்கிற?" என்றான். "போட்டுப் பாரு, போட்டுப் பாரு" என்று செங்கல்வராயன் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். போட்டான். கார்களை இறக்கினான், ஒன்று, மூன்று, எல்லாவற்றையும். ஓடின. சாயங்காலம் முழுக்க ஓடின. பெட்டிக்குள் கையைவிட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"ஐஸ் மாதிரி கீது நைனா!"

அப்போதும் அவனுக்கு ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்தது. "ஃபேனுக்கு ஒரு துணியாச்சும் கட்டலாமா? தூசி..." என்று இழுத்தான்.

"துணி கட்டுனா காத்து எங்கேந்து வரும்? ஞாயித்துக்கெழம ப்ளோயர் எடுத்துக்கினு வந்து நானே ஊதி உட்டுர்றேன். மில்லுல எத்தினி பேனலு, வாரம் ஒருவாட்டி ஊதுறதுதானே? ஒண்ணாவது செத்துக்கிதா?"

மகன் நம்பினான். அத்தனை பேனலையும் உயிரோடு வைத்திருக்கிற மனுஷன் நெஞ்சைத் தட்டிச் சொல்லும்போது யார்தான் நம்ப மாட்டார்கள்? இப்போது கேட்டால் நாமெல்லாம் பெரிய புத்திசாலி மாதிரி உச்சுக் கொட்டுவோம்.

அன்றைக்கு அவன் அப்பனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். "நீ ஓட்டு நைனா" என்றான். மரத்து மேலிருந்து பார்த்த ரோட்டில் செங்கல்வராயன் கார் ஓட்டினார். முதல் வளைவிலேயே நேரே ஏரிக்குள் விட்டார். பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மறுபடி விட்டார், மறுபடி ஏரி. "பிரேக்கு எங்கடா வெச்சிக்கிற?" என்று கத்தினார். மதிவாணன் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அது தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்து, செங்கல்வராயன் கொல்லையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே டப்பென்று ஒரு சத்தம். அப்புறம் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும். சோப்பு நுரையோடு ஓடினார். வாசற்படியிலேயே ஒயர் கருகின நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. வாழ்நாளெல்லாம் மில்லில் முகர்ந்த நாற்றம், யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே எல்லாவற்றின் மேலும் கருப்பாக, கம்பளிப் பூச்சி முடி மாதிரி, இரும்புப் பொடி எழுந்து நின்றுகொண்டிருந்தது. விரலில் தொட்டார், மினுங்கியது. அவருடைய மில் துப்பின பொடி. அவர் மாட்டின ஃபேன் அதை உறிஞ்சிக் கொண்டுவந்து மகன் வேலை மேல் கொட்டியிருந்தது. மில் பேனலில் கம்பிக்குக் கம்பி கை அகலம் இடைவெளி, ஒரு பிடி பொடியை விழுங்கிவிட்டு அது பாட்டுக்கு ஓடும். இதில் மயிரிழைக்கு மயிரிழை ஒட்டின கம்பிகள், ஒரு சிட்டிகை இரும்பு போதும், கரண்ட் தாவிவிடும். கண்ணால் பார்த்திருந்தார், கையால் தொட்டிருந்தார், புத்திக்குத்தான் எட்டவில்லை.

ஹார்டு டிஸ்க்கை மட்டும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அப்பனும் மகனும் ரயிலேறி, சென்னையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகள் இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போனார்கள். போகிற வழியெல்லாம் செங்கல்வராயன் அதை மடியில் வைத்துக்கொண்டு, பெரியபாளையத்தம்மனை வேண்டிக்கொண்டே போனார். வேப்பிலையில் சேலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருகிறேன் தாயே, ஆம்பளைன்னுகூடப் பார்க்க மாட்டேன் என்று வேண்டினார். அவளுக்கும் அன்றைக்கு வேறு வேலை இருந்திருக்க வேண்டும். ஒரு கடை இல்லை, நாலு கடை ஏறி இறங்கினார்கள். "பவர் சப்ளை வெடிச்சப்போ இதுக்குள்ளயும் கரண்ட் ஏறி எல்லாத்தையும் எரிச்சிடுச்சு, ஒண்ணும் தேறாது" என்று எல்லாக் கடையிலும் ஒரே பேச்சு. பொங்கல் சமயத்தில் மதிவாணன் ஒரு சிடியில் எடுத்து வைத்திருந்தது மட்டும் மிச்சம். அதில் வெறும் ரோடும் ஏரியும்தான், ஒரு கார் கிடையாது.

திரும்பி வரும்போது ரயிலில் செங்கல்வராயன் மகன் கையைப் பிடித்தார். "நான்தான்டா கெடுத்துட்டேன். என்னை நாலு அடி அடிச்சிடு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உடு நைனா" என்றான் மதிவாணன். கையை மெல்ல எடுத்துக்கொண்டான். அப்புறம் மாசக்கணக்கில் அவரிடம் அவன் பேசவே இல்லை.

ஆடி போனது. அடுத்த தடவை பார்க்கலாம் என்றது கம்பெனி. அந்த அடுத்த தடவை வரவே இல்லை. அமெரிக்காவில் ஏதோ பேங்க் கவிழ்ந்ததாம், அதற்கு இங்கே சென்னையில் கம்பெனிக்காரன் இருந்த ஆட்களையே வீட்டுக்கு அனுப்பினானாம். எங்கேயோ எவனோ தும்மினால் கும்மிடிப்பூண்டியில் ஒருத்தனுக்குக் காய்ச்சல். மதிவாணன் திட்டவில்லை, கதவைச் சாத்திக்கொள்ளவில்லை, குடிக்கவில்லை. நாஷ்டா வைத்தால் தின்றான், வைக்காவிட்டால் சும்மா இருந்தான். அதுதான் செங்கல்வராயனைக் கொன்றது. திட்டித் தொலைத்தால் என்ன! நீலப் பெட்டி மூலையில் கிடந்தது. ஒருநாள் பச்சையம்மா, நல்லாக் காற்றோட்டமாக இருக்கிறதே என்று அதில் வெங்காயத்தைக் கொட்டி வைத்தாள். அவளிடம் ஒரு தப்பும் இல்லை. அதைப் பார்த்த செங்கல்வராயன் சாப்பிடாமல் எழுந்து போனார்.

தை மாசத்தில் டீக்கடையில் அவர் காதுக்கு அந்தச் சேதி வந்தது. மில்லுக்கு ஆள் எடுக்கிற காண்ட்ராக்டர் துளசிராமனிடம் மதிவாணன் போய் ஹெல்பர் வேலை கேட்டிருக்கிறான். பாதி டீயை வைத்துவிட்டு ஓடினார்.

"சார், எம்பையனை எடுக்காதீங்க. உங்க கால்ல உழறேன்."

துளசிராமன் சிரித்தார். "இன்னாய்யா, எல்லாரும் எம்பையனை எடுத்துக்கோன்னு வருவாங்க. நீ இன்னாடான்னா..."

"வேணாம் சார். அவன் படிச்சவன். இன்னிக்கில்லன்னா நாளைக்கி எங்கியாச்சும் கெடைக்கும். பேரை அடிச்சிடுங்க."

துளசிராமனுக்கு என்ன போயிற்று, அடித்துவிட்டார். மில்லில் எந்த விஷயம் மறைந்தது? சாயங்காலமே மதிவாணனுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டுக்கு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பச்சையம்மா கரண்டியில் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தாள். மதிவாணன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். குரலை உயர்த்தவில்லை.

"இதுலயும் கை வெச்சிட்டியா நைனா?"

உனக்காகத்தான்டா என்று செங்கல்வராயன் சொல்ல வேண்டும். போன தடவையும் அவனுக்காகத்தான் செய்தார். பச்சையம்மா அள்ளின சோற்றை மகன் தட்டில் போட்டாள். மகன் சொல்ல வேண்டியது அவ்வளவுதான் போலிருக்கிறது, சாப்பிட ஆரம்பித்தான்.

மறுநாள் காலையில் செங்கல்வராயன் மகனைக் கூட்டிக்கொண்டு மில் கேட்டுக்குப் போனார். ஹெல்பர்கள் வரிசையில் நின்றார்கள், மதிவாணன் போய்க் கடைசியில் நின்றுகொண்டான். துளசிராமன் பைக்கிலிருந்து இறங்குவதற்குள் செங்கல்வராயன் எதிரில் போய்க் கும்பிட்டார்.

"சார், எம்பையனை எடுத்துக்கோங்க."

"யோவ், நேத்து வேணாம்னு கால்ல உழுந்தே, இன்னிக்கு வேணுன்றே. இன்னா பேஜாருய்யா உன்னோட?"

"நான் சொன்னது தப்பு சார். நல்லா வேல செய்வான். எடுத்துக்கோங்க."

துளசிராமன் மகனை ஏற இறங்கப் பார்த்தார். "மத்ததெல்லாம் ஆளு போட்டாச்சு. உலையாண்ட, ஃபர்னஸ் பக்கம்தான் ஆளு இல்ல. பரவாயில்லியா?"

செங்கல்வராயன் திரும்பி மகனைப் பார்த்தார். மதிவாணன் அவரைப் பார்க்கவில்லை, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரவால்ல சார்" என்றார் செங்கல்வராயன்.